பின்பக்கம் முதலில் எழும் வண்டி

மார்ச் 4, திங்கள்

இன்று கடையில் பதினோரு கண்ணாடி வெட்டினேன். பன்னிரண்டாவது கெட்டுப்போனது. லென்ஸைச் சக்கரத்தில் வைத்துத் தேய்க்கும்போது அரை மில்லிமீட்டர் கூடுதலாகப் போய்விட்டது; ஃபிரேமில் நிற்கவில்லை. இருபத்தாறு வருடமாகச் செய்கிற வேலை. முதலாளி நிமிர்ந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

கை பிசகவில்லை. மனசு கைபேசியில் இருந்தது. அந்த விளம்பரத்தில்.

இருபத்து நான்கு வயதான பெரிய வண்டி. கரும்பச்சை நிறம், ஆறு சிலிண்டர், மரம் பதித்த முன்பலகை, தோல் இருக்கைகள். புதிதாக வந்த காலத்தில் இதை வாங்கியவர்கள் தாங்களாக ஓட்டியிருக்க மாட்டார்கள். பின்னால் உட்கார்ந்து பேப்பர் படித்திருப்பார்கள். இப்போது கேட்கிற விலை, நம் சின்ன வண்டியை விற்றுச் சேமிப்பில் கொஞ்சம் கிள்ளிப் போட்டால் எட்டிவிடும். ‘சிறு குறைகள் உண்டு’ என்று போட்டிருக்கிறது. பையனுக்கு லேசாக முன்கோபம் வரும் என்று கல்யாணத் தரகர் சொல்வதைப் போல.

வீட்டுக்கு வந்தபோது இவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். “சாப்பிட்டியா?” என்றேன். “ம்” என்றாள். சாப்பிடவில்லை, தட்டு கழுவின ஈரமே இல்லை.

மார்ச் 9, சனி

மச்சானைக் கூட்டிக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போனேன். இவளுடைய தம்பி. சிமென்ட் கம்பெனியில் லாரிக் கணக்கு பார்க்கிறவன், வண்டி விஷயம் தெரிந்தவன் என்று பெயர்.

விற்கிறவர் ஒரு பல் டாக்டரம்மா. கணவர் ஆசையாக வைத்திருந்த வண்டியாம். அவர் போன பிறகு எடுக்க ஆளில்லை. குறைகளை ஒளிக்காமல் சொன்னார்: இடது பின் ஜன்னல் இறங்காது. பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். சக்கரங்களுக்கு மேலே ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். எங்கேயோ காற்று கசிகிறது. ஒரு ராத்திரி நின்றால் வண்டி தரையோடு உட்கார்ந்துவிடும். இன்ஜினைப் போட்டால் ஒரு சின்னப் பம்ப் காற்றடித்து மறுபடியும் எழுந்துவிடும்.

ஓட்டிப் பார்த்தேன். வேண்டுமென்றே ரயில்வே கிடங்குக்குப் பின்னாலிருக்கும் உடைந்த சாலையில் விட்டேன். பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது மச்சான் சொன்னான்: “மாமா, யானையை வாங்கிடலாம். தீனி யார் போடுறது?”

“உங்கக்காவுக்காகத்தான்டா. சின்ன வண்டியில ஒவ்வொரு குழிக்கும் கண்ணை மூடிக்கிறா. வாய் திறந்து சொல்லவும் மாட்டேங்கிறா.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு யாராலும் பேச முடியாது. அது எனக்குத் தெரிந்துதான் சொன்னேனோ?

மார்ச் 10, ஞாயிறு

வாங்கிவிட்டேன்.

மார்ச் 16, சனி

காலையில் இவளை வாசலுக்கு வரச் சொன்னேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். வண்டி வயிறு தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்ஜினைப் போட்டேன். முதலில் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பிறகு முன்பக்கம்.

“மாடு,” என்றாள்.

“என்னது?”

“குதிரை எழுந்தா முன்னங்கால்தான் முதல்ல. மாடு பின்பக்கத்தைத் தூக்கிட்டுத்தான் எழும். இது சுத்தமான மாடு.”

இரண்டு வருடமாகிறது அவள் வாயிலிருந்து மாடு என்ற சொல்லே வந்து. இருபது வருடம் ஊர் ஊராகப் போய் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். கன்று போட முடியாமல் தவித்த ஒரு மாடு அவளைச் சுவரோடு வைத்து அழுத்தியது. முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. ஒரு அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு வீடு, மருத்துவமனை, வீடு.

பின் இருக்கையில் ஏற்றி ஆற்றுப் பாலம் வரை போய் வந்தோம். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். தூங்கியிருந்தாள்.

மார்ச் 22, வெள்ளி

இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. ஆகையால் எழுதிவிடலாம்.

இதே மாதிரி ஒரு வண்டியின் படத்தை நான் முதன்முதலில் கைபேசியில் சேமித்தது மூன்றரை வருடத்துக்கு முன்னால். அப்போது இவள் முதுகு நன்றாக இருந்தது. சாக்குக் கிடைக்காமல் காத்திருந்தேன். கிடைத்தது.

அது சாக்கு மட்டுமல்ல. அவள் தூங்கினாள் அல்லவா? அது பொய்யா? இல்லை. இரண்டும் உண்மை. ஆனால் எது முதலில் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 6, சனி

மெக்கானிக்கின் பட்டப்பெயர் ‘அவசரம்’. ஒரு நாளும் அவசரப்படாதவர் என்பதால் வைத்த பெயர். ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டு அதை ஒரு டீ நேரம் கையில் வைத்துப் பார்ப்பார். ஆனால் அவர் கைபட்ட வண்டி திரும்ப வராது என்கிறார்கள்.

வண்டியைச் சுற்றி வந்து சொன்னார்: “காத்துப் பை நாலும் போச்சு சார். புதுசு போட்டா வண்டி விலையில பாதி. அது இருக்கட்டும், உக்காந்து எழுந்துக்கிட்டுத்தானே இருக்கு. இதைப் பாருங்க முதல்ல.” ரேடியேட்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயை அழுத்திக் காட்டினார். ஊறிப்போய்ப் புண்ணைப் போல் இருந்தது. “இதை மாத்தாம தூரம் எங்கயும் போகாதீங்க.”

மாற்றச் சொல்லியிருக்கலாம். இந்த மாதத்துக்கு ஒதுக்கியதில் ஒன்றுதான் செய்ய முடியும். முன்பலகையின் மரத்தில் மேல்பூச்சு உரிந்து, வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. தச்சுப் பட்டறையில் மெருகு போட்டுத் தருகிறேன் என்றார்கள். இந்த வாரம் மட்டும்தான் ஆள் இருக்கிறார் என்றார்கள்.

மரத்தைக் கொடுத்தேன்.

ஏப்ரல் 13, சனி

மெருகு வந்துவிட்டது. தேன் நிறம். விரலை வைத்தால் விரல் தெரிகிறது. மகள் போன் செய்தாள், படம் அனுப்பினேன். “அப்பா, அம்மாவைக் காட்டுன்னா பலகையைக் காட்டுறீங்க” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 18, வியாழன்

என்ன எழுதுவது.

முதுகு நிபுணர் பக்கத்து நகரத்து மருத்துவமனைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். இன்று பதினொன்றரைக்கு இவள் முறை. ஜனவரியிலேயே பதிவு செய்தது. எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம். நல்லாத்தான் போச்சு. இவள் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாற்பதாவது கிலோமீட்டரில் சூட்டு முள் ஏறியது. ஏசியை அணைத்தேன். ஏறிக்கிட்டே இருக்கு. இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம்னு ஓட்டினேன் — எதுக்கு ஓட்டினேன்? டப்பென்று ஒரு சத்தம். முன்னால் எல்லாம் வெள்ளை ஆவி.

குழாய். அதே குழாய்.

நிழல் இல்லை. இடது பக்க ஜன்னல் இறங்காது. வெயில் அந்தப் பக்கம்தான். கதவைத் திறந்து வைத்து, பின் இருக்கையில் அவளைப் படுக்க வைத்தேன். என் சட்டையைக் கழற்றிக் கதவில் மறைப்பாகக் கட்டினேன். பனியனோடு ரோட்டில் நின்று கையைக் காட்டினேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். இரண்டே கால் மணி நேரம். இழுவை வண்டி வந்தபோது மணி பன்னிரண்டு. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அடுத்த முறை ஜூலையில் என்றார்கள்.

இவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். திட்டியிருக்கலாம். திட்டித் தொலைச்சிருக்கலாம்ல?

ஏப்ரல் 19, வெள்ளி

இன்று பேசினாள். சமையலறையில் நின்றபடி. உட்கார்ந்தால் வலி கூடுகிறதாம்.

“குழாய் மோசமா இருக்குன்னு மெக்கானிக் முன்னாடியே சொன்னாராம். தம்பி கேட்டிருக்கான்.”

“சொன்னார்.”

“மரத்துக்கு மெருகு போட்டீங்க. குழாயை மாத்தலை.”

கழுவின டம்ளரை மறுபடியும் கழுவினேன்.

“அப்ப இது யாருக்கு வாங்கின வண்டி?”

 அவளே தொடர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. “எனக்கு ஆசையா இருக்கு, ஒரு பெரிய வண்டி வேணும்னு நீங்க கேட்டிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேங்க. சந்தோஷமா வாங்குங்கன்னு சொல்லியிருப்பேன். என் முதுகைக் காட்டி வாங்கினீங்க. தம்பிகிட்ட, மககிட்ட, கடையில எல்லார்கிட்டயும் இவளுக்காகன்னு சொன்னீங்க. நான் அதுல ஏறும்போதெல்லாம் நன்றியோட ஏறணும். வலியும் என்னோடது, நன்றியும் நான்தான் சொல்லணுமா?”

மூன்றரை வருடத்துக்கு முன்னால் சேமித்த படத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும்,” என்றாள். “உங்க போன்ல கரெண்டு பில் தேடும்போது பார்த்தேன். ரொம்ப நாளாச்சு.”

ஏப்ரல் 27, சனி

விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டேன். சிறு குறைகள் என்று எழுதவில்லை. எல்லாக் குறையையும் எழுதினேன்.

மே 5, ஞாயிறு

எட்டு நாளாக யாரும் கேட்கவில்லை. இன்று பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் வந்தார். குழாய் மாற்றியாகிவிட்டது, இன்ஜின் மணி மாதிரி ஓடியது. ஆனால் வண்டி எழவில்லை. பம்ப் கரகரவென்று ஓடுகிறது, வண்டி தரையோடு கிடக்கிறது. முதல் தடவை இப்படி.

அவர் பானட்டை ஒரு தட்டுத் தட்டினார். “எழுந்திரிக்காத வண்டிக்கு எடைதாங்க விலை.”

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து இவள் குரல்.

“யார் பார்த்துச் சொன்னது நாலு பையும் போச்சுன்னு?”

வாசற்படியில் நின்றிருந்தாள். நான் அவசரத்தின் பெயரைச் சொன்னேன்.

“நாலும் ஒரே நாள்ல எப்படிங்க போகும்? நாலு காலும் ஒரே நேரத்துல விழுந்தா வியாதி கால்ல இல்ல. வேற எங்கயோ இருக்கு.” என்னைப் பார்த்தாள். “அந்த அலமாரியில என் பை இருக்கும். எடுத்துட்டு வாங்க.”

ஸ்டெதஸ்கோப். மாட்டுக்கு வைத்துப் பார்க்கிற நீளக் குழாய் வைத்தது. ஒரு முக்காலியைப் போட்டு முன்சக்கரத்தின் பக்கத்தில் நேராக உட்கார்ந்தாள். அவளால் குனிய முடியாது. காதில் மாட்டிக்கொண்டு, மறுமுனையை என் கையில் கொடுத்தாள். நான் மல்லாந்து வண்டிக்கு அடியில் கையை விட்டேன்.

“பை மேல வைங்க… ஒண்ணுமில்ல. அடுத்தது… இதுவும் நல்லாத்தான் இருக்கு. குழாய் மேலயே போங்க. மெதுவா. இன்னும் உள்ள… மேல… அங்க. அசையாதீங்க.” கண்ணை மூடிக்கொண்டாள். “சீறுது.”

பம்பிலிருந்து வரும் குழாய் நாலாகப் பிரிகிற இடம். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் குமிழ் குமிழாக வந்தது. விரல் நுனி அளவு ஒரு இணைப்பு.

இரும்புக்காரர் தலையைச் சொறிந்தார். “அப்ப வண்டி விக்கிறீங்களா இல்லையாங்க?”

நான் இவளைப் பார்த்தேன். என் வாயால் முடிவு சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது.

“இதுக்கு நோய் என்னன்னே இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. அதுக்குள்ள அறுக்க அனுப்புறதா? போயிட்டு வாங்கண்ணே,” என்றாள்.

என் முகமெல்லாம் கிரீஸ். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கோபித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மே 6, திங்கள்

இணைப்பை அவசரம் மாற்றினார். “எனக்குக் கேக்கலையே” என்று பத்து தடவை சொன்னார். “உங்க ஷெட்ல ரேடியோ கேக்குது, வேற எது கேக்கும்?” என்றேன். கூலி வாங்கவில்லை.

மே 18, சனி

வண்டி இப்போது உட்காருவதே இல்லை. பெட்ரோல் முள் மட்டும் இன்னும் பாதியில். ஜன்னல் இன்னும் இறங்காது. பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரைக் குறித்து வைக்கிறேன்.

மாலையில் துடைத்துக்கொண்டிருந்தேன். இவள் வந்து ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள். அந்த இருக்கையில் நாலைந்து பொத்தான்கள் இருக்கின்றன. நான் அவற்றைத் தொட்டதில்லை, எனக்குத் தேவைப்படவில்லை. அவள் ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒன்றை அழுத்தினால் இடுப்புக்குப் பின்னால் இருக்கை உப்புகிறது. இன்னொன்றுக்குத் தொடை தூக்கிக் கொடுக்கிறது. கால் மணி நேரம் அரை இன்ச் முன்னால், அரை இன்ச் பின்னால்.

“இருபது வருஷம் ஜீப்புல குலுங்கினேன். இப்படி ஒரு சீட் இருக்குன்னு யாருமே சொல்லலை,” என்றாள்.

ஓட்டிப் பார்க்கிறாயா என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. நான் ஆரம்பித்தால் அது மறுபடியும் என் யோசனையாகிவிடும்.

ஜூன் 3, திங்கள்

காலை ஆறரைக்குப் போன். கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரம்மா. மாடு நேற்று மாலையிலிருந்து முக்குகிறது, கன்று வரவில்லை; புது டாக்டர் மாநாட்டுக்குப் போய்விட்டார். இவள், “நான் இப்ப பார்க்கிறதில்லைங்க” என்றாள். வைத்துவிட்டாள். டீ போட்டாள். டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“கால் மடங்கியிருக்கும்,” என்றாள் டீயிடம்.

பிறகு சாவியை எடுத்தாள். நான் எடுக்கவில்லை. அவள் எடுத்தாள்.

“நீங்க பக்கத்துல உக்காருங்க. வலிச்சா நிறுத்திடுவேன், நீங்க ஓட்டுங்க.”

நிறுத்தவில்லை. பதினேழு கிலோமீட்டர். கால்வாய் ரோடு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். முதல் குழியில் அவள் தோள் இறுகியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குழி போய்விட்டது. “வரலையே?” என்றாள், வலியைப் பற்றி. வியப்பாக.

தொழுவத்தில் ஒரு முக்காலி கேட்டாள். மாட்டின் உதை எட்டாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பண்ணைக்காரம்மாவின் கையை உள்ளே விடச் சொன்னாள். “என்ன படுது உங்களுக்கு? மூக்கா? அதுக்குக் கீழ முட்டி இருக்கா பாருங்க… அதைப் பின்னால தள்ளுங்க. இழுக்காதீங்க, தள்ளுங்க. இப்ப குளம்பைக் கையில மூடிக்கிட்டுக் கொண்டு வாங்க.” அந்தம்மா அழுதுகொண்டே செய்தார். நான் மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி வெட்டுகிறவன் அங்கே வேறு எதற்கு உதவுவான். நாற்பது நிமிடம். நனைந்த மூட்டையைப் போலக் கன்று வைக்கோலில் விழுந்தது. சிறிது நேரம் அசையவில்லை. இவள் வைக்கோலைக் கிள்ளி அதன் மூக்கில் விடச் சொன்னாள். தும்மியது.

கன்றை மடிப்பக்கம் கொண்டுவரச் சொல்லித் துடைத்துவிட்டதில், திரும்பி வரும்போது அவளுடைய முழங்கை வரை அழுக்கு. முன்பலகையில் சாவியைத் தேடித் தடவினாள். தேன் நிற மெருகில் ஐந்து விரலும் பதிந்தது. என்னைப் பார்த்தாள்.  உண்மையைச் சொன்னால் ஒரு கணம் உள்ளே ஏதோ சுருங்கியது. ஒரே ஒரு கணம்.

இரவு முழுக்க முதுகு வலித்தது அவளுக்கு. ஆனாலும் சாப்பிட்டாள். இரண்டு தட்டு.

ஜூலை 9, செவ்வாய்

நிபுணர் புதுப் படங்களைப் பார்த்தார். தூக்குவது, இழுப்பது ஆயுளுக்கும் கூடாது. ஓட்டலாம், நடக்கலாம், நிற்கலாம். “வேலைக்குப் போகலாமா?” என்று இவள் கேட்டாள். “என்ன வேலை?” என்றார். சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “மத்தவங்க கையால செய்யிறேன் டாக்டர்,” என்றாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

வாரத்துக்கு மூன்று நாள் போகிறாள். பண்ணைக்காரம்மா சம்பளத்துக்குக் கூடவே வருகிறார், கைகளாக. டிக்கியில் வாளி, கயிறு, கிருமிநாசினி டின். இருக்கைக்கு ரெக்சின் உறை வாங்கலாமா என்று கேட்டேன். “வாங்குங்க, ஆனா என் சீட்டுக்கு வேணாம். அந்தப் பொத்தானை அழுத்தினா சரியா உப்பாது,” என்றாள். என் சீட் என்றாள்.

மச்சான் வந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டான். “மாமா, மந்திரி ஏறுற வண்டியைத் தொழுவமா ஆக்கிட்டீங்களே!” “நான் ஆக்கலைடா,” என்றேன்.

யோசித்தால், நான் ஆசைப்பட்டதில் ஏறக்குறைய எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும் வேலை கிடைத்திருக்கிறது. குறை சொல்லத் தோன்றவில்லை. ஏன் என்று இன்னும் சரியாகப் புரியவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் மழை. வழக்கம்போல் ஏழே முக்கால் பேருந்து. ரயில்வே கேட் மூடியிருந்ததால் பத்து நிமிடம் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

எதிர்ப்பக்க வரிசையில் முன்னால் நின்றது நம் வண்டி. கதவின் பாதி வரை சேறு. பின் ஜன்னலில் வைக்கோல் ஒட்டியிருந்தது. ஓட்டுகிற இடத்தில் இவள், நிமிர்ந்து, போனில் யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு கேட்கவில்லை, தள்ளு, இழுக்காதே என்பதாக இருக்கலாம். பக்கத்தில் பண்ணைக்காரம்மா சிரித்துக்கொண்டிருந்தார். என்னை அவள் பார்க்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

பக்கத்து இருக்கைக்காரரும் அந்த வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ அலுவலகத்துக்காரர், மடியில் டிபன் பை.

“பாருங்க சார், எப்படிப்பட்ட வண்டி! எந்தக் கோலத்துல வச்சிருக்காங்க,” என்றார். உச்சுக்கொட்டினார். “இதெல்லாம் அருமை தெரிஞ்சவங்ககிட்ட இருக்கணும்.”

கேட் திறந்தது. நம் வண்டி முதலில் கிளம்பி, தண்டவாளத்தை ஒரு குலுக்கலும் இல்லாமல் தாண்டி, எங்களைக் கடந்து போனது.

“தெரிஞ்சவங்ககிட்டதான் சார் இருக்கு,” என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்குப் பத்து நிமிடம் தாமதம். பதினான்கு கண்ணாடி வெட்டினேன்.